விரலை எடுக்காதீங்க

பின்சக்கரத்திலிருந்து காற்று ஒரேயடியாகப் போகவில்லை. புஸ்ஸென்று கொஞ்சம் போனது, நின்றது, மறுபடி போனது. வண்டியை ஓரங்கட்டிவிட்டு அவன் குனிந்து காதைக் கொடுத்தான். அந்த இடைவெளி ஏற்கெனவே கேட்டுப் பழகியதாக இருந்தது. டயரைத் தடவிப் பார்த்தான். ஆணி எதுவும் இல்லை.

நான்கு மாதமாக இந்தச் சாலையைத் தவிர்த்து மூன்று கிலோமீட்டர் சுற்றித்தான் போய்க்கொண்டிருந்தான். இன்று ஆபீஸில் நேரமாகிவிட்டது. மகள் சித்தி வீட்டில் இருக்கிறாள். இருட்டுவதற்குள் வந்துவிடுவதாக அவளிடம் சொல்லியிருந்தான். ஐந்து வயது. சொன்னால் ஜன்னலிலேயே நிற்பாள். அதனால் இந்த வழியாக வந்தான். வண்டி நின்ற இடத்திலிருந்து நூறடியில் அதே பஞ்சர் ஒட்டும் தகரக் கொட்டகை.

தள்ளிக்கொண்டு போனான். இருபுறமும் ஆளில்லாத வெற்று நிலம், சூடு இறங்காத தார், கிட்டே போகப்போக எரிந்த ரப்பரும் ஒட்டுப் பசையும் கலந்து தொண்டையில் இறங்கிய வாடை, தகரத்தின் மேல் காற்று எதையோ இழுத்துச் செல்லும் சத்தம், இவற்றுக்கு நடுவே சக்கரம் ஒவ்வொரு சுற்றிலும் ஈரத்துணியைப் போல் தரையில் அறைந்துகொண்டே வந்தது.

"வாங்க சார்," என்றார் பஞ்சர்க்காரர், எழுந்திருக்காமலேயே. "வண்டிக்கு வழி ஞாபகம் இருக்கு. நீங்கதான் மறந்துட்டீங்க."

"எவ்வளவு நேரம் ஆகும்?"

"கரண்ட் இல்ல. கைப்பம்புதான். அதுவும் என்னை மாதிரி கிழடு. உள்ள தோல் வாஷர் தேஞ்சு போச்சு, சூடேறினா கிழிஞ்சிடும். இருந்தாலும் கால் மணி நேரம் சார். அன்னைக்கு ஆன மாதிரியே."

அவன் கொட்டகை ஓரத்து பெஞ்சைப் பார்த்தான். அன்று, நிரப்பிய ஆக்ஸிஜன் சிலிண்டரைப் பின்சீட்டில் கட்டிக்கொண்டு வந்தபோது இங்கேதான் பஞ்சர் ஆனது. வீட்டில் மனைவிக்கு மாட்டியிருந்த சிலிண்டர் தீரும் நிலையில் இருந்தது. பஞ்சர் ஒட்ட ஒரு மணி நேரம் ஆகிவிட்டது என்று பிறகு எல்லோரிடமும் சொன்னான். மனைவியின் தங்கை அழுதுகொண்டே, "நீங்க என்ன மாமா பண்ணுவீங்க?" என்றாள். வேலை கால் மணி நேரத்தில் முடிந்திருந்தது. மீதி முக்கால் மணி நேரம் இந்த பெஞ்சில் உட்கார்ந்திருந்தான். யாரும் இருமாத, யாரும் கூப்பிடாத முக்கால் மணி நேரம்.

பஞ்சர்க்காரர் டயரை நெம்பி, டியூபை உருவி, பம்பு குழாயை மாட்டிக் காற்றடித்தார். உப்பிய டியூபைத் தண்ணீர்த் தொட்டியில் அமுக்கித் திருப்பிக்கொண்டே வந்தார். ஓரிடத்தில் குமிழ் கிளம்பியது. சரமாக வரவேண்டும். வரவில்லை. கொஞ்சம் வந்தது, நின்றது, வந்தது.

வீட்டில் மனைவியின் கட்டிலருகே சிலிண்டரில் ஒரு தண்ணீர்க் குப்பி மாட்டியிருந்தது. அதில் குமிழ் வரும்வரை அவளுக்குக் காற்று போகிறது என்று அர்த்தம். எட்டு மாதம் அதைப் பார்த்துக்கொண்டே தூங்கினான். அன்று அவன் வீடு சேர்ந்தபோது குமிழ் நின்றுபோயிருந்தது.

"குறி போடுற பென்சிலைக் காணோம். ஓட்டை மேல விரலை வைங்க. ஒட்டு எடுத்துட்டு வரேன். விரலை எடுக்காதீங்க, இடம் தெரியாமப் போயிடும்."

தண்ணீருக்குள் கையை விட்டான். கட்டைவிரலை வைத்து அமுக்கினான். குமிழ் நின்றது. விரலடியில் ரப்பர் வெதுவெதுப்பாக இருந்தது.

சட்டைப்பையில் போன் அடித்தது. இடது கையால் எடுத்து, ஸ்பீக்கரில் போட்டு பெஞ்சில் வைத்தான்.

"அப்பா, இருட்டாகப் போகுது. நீ வரேன்னு சொன்..."

நின்றுவிட்டது. பின்னால் பாத்திரம் உருளும் சத்தம். பிறகு மச்சினியின் குரல்.

"குட்டி? என்னடி ஆச்சு? மாமா, மூச்சு வாங்க மாட்டேங்குறா! உதடெல்லாம் நீலமாகுது மாமா!"

பதறி எழுந்தான். விரல் விலகியது. குமிழ் கொப்பளித்தது.

போனில் ஒரு நீண்ட இழுப்பு. அழுகை.

"அப்பாடா. வந்துடுச்சு. ஏதோ அடைச்சிருக்கு போல. நல்லாத்தான் இருக்கா மாமா."

அவன் தொட்டியைப் பார்த்தான். குமிழ் வந்தது. போனில் மூச்சு வந்தது. குமிழ் நின்றது. மூச்சும் நின்றது. மறுபடி வந்தது.

தற்செயல். அப்படித்தான் இருக்கவேண்டும். விரல் தானாக இறங்கியது. ஒரே ஒரு முறை. தெரிந்துகொள்ள.

"மாமா! மறுபடியும்!"

எடுத்துவிட்டான்.

டியூப் மெலிந்துகொண்டிருந்தது. குமிழ்கள் சிறுத்துவிட்டன.

பஞ்சர்க்காரர் பசை தடவிய ஒட்டுத் துண்டை விரல்நுனியில் ஏந்தி வந்தார். "என்ன சார், எடுத்துட்டீங்களா? சரி, காட்டுங்க. அடைச்சிடலாம்."

"வேண்டாம்."

"ஒட்டாம எப்படி வீட்டுக்குப் போவீங்க?"

"ஒட்டாதீங்க! ஆம்புலன்ஸ்... ஏம்மா, ஆம்புலன்ஸ் கூப்பிடு!"

"எதுக்கு மாமா? இப்ப நல்லா... குட்டி, ஏன்டி இப்படி மெதுவா மூச்சு விடுற?"

பம்பை இழுத்தான். அடித்தான். டியூப் உப்பியது. குமிழ் வந்தது. மகள் மூச்சு விட்டாள்.

நிறுத்தினால் மெலிந்தது.

அடித்தான்.

பஞ்சர்க்காரர் ஒட்டுத் துண்டின் பசையைத் தன் பனியனில் துடைத்துக்கொண்டார். சாமான்களை ஒவ்வொன்றாகப் பெட்டியில் போட்டார். பிறகு பெஞ்சில், அன்று அவன் உட்கார்ந்திருந்த அதே மூலையில், காலை நீட்டி உட்கார்ந்தார்.

"அவசரமே இல்ல சார். இங்க யாரும் கூப்பிட மாட்டாங்க."

சாலையில் வெளிச்சம் போய்விட்டது. தொட்டி தெரியவில்லை. சத்தம் மட்டும். குமிழ். மூச்சு. குமிழ். மூச்சு.

"அப்பா," என்றது போன், மிகச் சன்னமாக. "ஜன்னல்லதான் நிக்கிறேன்."

அடித்தான். பம்பு கையைச் சுட்டது. அடித்தான்.

தோல் கருகும் வாடை வந்தது.