சும்மா இருக்காத கைகள்

பம்பரத்துக்கு ஓர் இடத்தில் உட்காரத் தெரியாது. அதனால்தான் எல்லோரும் அவளைப் பம்பரம் என்று கூப்பிட்டார்கள்.

பள்ளிக்கூடம் விட்டதும் நேராகப் பல் டாக்டரின் கிளினிக்குக்கு வந்துவிடுவாள். அம்மாவுக்கு அங்கேதான் வேலை. அம்மா கிளம்பும்வரை முன்னறையில் காத்திருக்க வேண்டும். பாவம், அதைவிடப் பெரிய தண்டனை அவளுக்கு வேறு இல்லை.

அந்த அறையில் வேறு யாரும் சும்மா இருந்ததில்லை என்பதையும் சொல்ல வேண்டும். பல்வலிக்காரர்கள் காலை ஆட்டுவார்கள், கடிகாரத்தை முறைப்பார்கள், நாற்காலிக்குப் பக்கத்தில் தொங்கும் மணி பிளான்ட்டின் இலையைக் கிள்ளுவார்கள். லாரி ஓட்டும் மீசை மாமா ஒரு முறை மூன்று இலைகளைத் துண்டு துண்டாக்கிவிட்டார். பயத்தில் அவருக்கே அது தெரியவில்லை.

வருகிறவர்கள் எல்லோரும் பல்லைக் காட்டிவிட்டுப் போய்விடுவார்கள். தினமும் அங்கே இருப்பது பம்பரமும் அந்தக் கொடியும்தான். ஆகவே கொடி மஞ்சளாகிச் சோர்ந்தபோது அவளுக்குத் தாங்கவில்லை.

"இது இனிமே தேறாது. ஒரு பிளாஸ்டிக் கொடி வாங்கச் சொல்லியிருக்கேன். அது வந்ததும் இதைத் தூக்கிப் போட்டுடலாம்" என்றார் டாக்டர்.

பம்பரம் ஓடிப்போய்க் கொடிக்கு முன்னால் நின்றாள். "டாக்டர் ஆன்ட்டி, நான் சரி பண்ணட்டுமா?"

"நீயா? நீ ஒரு நிமிஷம் ஒரு இடத்துல இருப்பியா?"

"நான் எதுக்கு இருக்கணும்? செடி இருந்தா போதாதா?"

டாக்டர் சிரித்துவிட்டார். "சரி, பிளாஸ்டிக் வர்ற வரைக்கும் உனக்கு நேரம்."

அவ்வளவுதான். தொட்டியைப் பின்கட்டுக்குத் தூக்கிக்கொண்டு ஓடினாள். அடியில் இருந்த ஓட்டை வழியாக வேர்கள் எட்டிப் பார்த்தன.

"அம்மா! இதுக்குத் தொட்டி பத்தலை!"

"உன் பழைய செருப்பு மாதிரியா?" என்று கேட்டபடி அம்மா ஒரு காலி பெயின்ட் வாளியைக் கழுவி, அடியில் ஓட்டை போட்டுக் கொடுத்தாள்.

தொட்டியைக் கவிழ்த்துத் தட்டியதும் செடி வெளியே வந்தது. உள்ளே மண்ணே இல்லாதது போல வேர்கள் சுற்றிச் சுற்றிச் சிக்குப் பிடித்துக் கிடந்தன. தலைமுடியில் சிக்கெடுப்பது போல மெதுவாகப் பிரித்தாள். கறுத்து அழுகியவற்றைக் கத்தரித்தாள். வாளியில் புது மண்ணும் மக்கிய உரமும் போட்டு நட்டு, தண்ணீர் ஊற்றி, முன்னறையிலேயே கொண்டுவந்து வைத்தாள்.

மறுநாள் வந்து பார்த்தால் இலைகள் எல்லாம் தொங்கிப் போயிருந்தன.

"ஐயோ! வேர் பிடிச்சுதா இல்லையா?" விரலை விட்டுத் தோண்டினாள். தெரியவில்லை. செடியையே கொஞ்சம் தூக்கிப் பார்த்தாள். மறுபடி நட்டு, மறுபடி தண்ணீர் ஊற்றினாள். அதற்கடுத்த நாளும் அப்படியே. அதற்கடுத்த நாளும் அப்படியே. கொடி தேறுவதாக இல்லை. இன்னும் இரண்டு இலைகள் விழுந்ததுதான் மிச்சம்.

"பிளாஸ்டிக் கொடி நாளைக்கு வந்துடும்" என்றாள் அம்மா, பம்பரத்தின் முகத்தைப் பார்க்காமல்.

அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. கை தானாக வாளிக்குள் போனது. அந்த நேரம் மீசை மாமா கன்னத்தைப் பிடித்தபடி உள்ளேயிருந்து வந்தார். பல்லைப் பிடுங்கியாகிவிட்டது.

எல்லோருக்கும் சொல்வதை அம்மா அவருக்கும் சொன்னாள்: "பஞ்சை நல்லா கடிச்சுக்கோங்க. நாக்கால துழாவாதீங்க. ஆறிடுச்சான்னு விரலை விட்டுப் பாக்காதீங்க. நோண்டிக்கிட்டே இருந்தா புண்ணு எப்படி ஆறும்?"

பஞ்சு நிறைந்த வாயோடு அவர் "ம்ம்" என்றார்.

பம்பரத்தின் கை அப்போது மணிக்கட்டு வரை மண்ணுக்குள் இருந்தது. மெல்ல வெளியே எடுத்தாள்.

மறுநாள் பிளாஸ்டிக் கொடி பெட்டியில் வந்து இறங்கியது. அவள் டாக்டரின் முன்னால் போய் நின்றாள்.

"ஆன்ட்டி, பல்லு புடுங்கின மறுநாளே கல்லு மாதிரி பிஸ்கட் கடிக்கலாமா?"

"கூடவே கூடாது."

"அப்போ இதுக்கும் கொஞ்சம் நாள் குடுங்க. நான்தான் தினமும் நோண்டிட்டேன். தப்பு என் மேல. இனிமே தொட மாட்டேன்."

"நீ? தொடாம?" டாக்டரின் புருவம் மேலே ஏறியது.

"அதுக்குத்தான் அந்த பிளாஸ்டிக் கொடி வேணும்."

வாளியை எட்டாத உயரத்தில், ஜன்னல் வெளிச்சத்தில் அம்மா தூக்கி வைத்தாள். நாற்காலிக்குப் பக்கத்தில் பிளாஸ்டிக் கொடி தொங்கியது. கிள்ளுகிறவர்கள் இப்போது அதைக் கிள்ளினார்கள். மீசை மாமா மறுபடி வந்தபோது ஒரு முனையை அவர் முறுக்க, மறுமுனையைப் பம்பரம் முறுக்கினாள்.

மண் காய்ந்தால் மட்டும் அம்மாவிடம் தன்னைத் தூக்கச் சொல்லித் தண்ணீர் ஊற்றுவாள். மற்ற நேரமெல்லாம் கை நமநமவென்று இருக்கும். ஜன்னலுக்கும் நாற்காலிக்கும் ஓடுவாள். கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு அண்ணாந்து பார்ப்பாள். காத்திருப்பது கொடுமைதான். ஆனாலும் காத்திருந்தாள்.

முதலில் இலைகள் நிமிர்ந்தன. பிறகு ஒரு நாள், கொடியின் நுனியில் சுருட்டி வைத்த காகிதம் போல ஒரு பச்சைத் துளிர்.

"ஆன்ட்டீ!"

அவள் போட்ட கூச்சலில் பல்வலிக்காரர்கள் அத்தனை பேரும் எழுந்து நின்றார்கள். டாக்டர் முகக்கவசத்தோடு ஓடி வந்தார். அண்ணாந்து பார்த்தவரின் கண்கள் சிரித்தன. நல்ல உயரமான அவருடைய விரல் தானாக அந்தத் துளிரை நோக்கி நீண்டது.

"ஆன்ட்டி! கையை எடுங்க!" என்றாள் பம்பரம். "உங்களுக்கு பிளாஸ்டிக் அங்க தொங்குது."