மாற்றிய எஞ்சின்

பூன் லேயில் தன் வீடிருந்த அடுக்குமாடியின் கார் நிறுத்தத்தில் அந்தச் சிவப்பு ஸ்போர்ட்ஸ் காரைக் கொண்டுவந்து நிறுத்தியபோது ஜெரார்டுக்குத் தரையில் கால் பாவவில்லை. இரண்டே இருக்கை. தரையோடு தரையாகப் படுத்த உடம்பு. பழைய எஞ்சின் பழுதாகி, வேறொரு வண்டியின் எஞ்சினை ஏற்றியிருப்பதை, வண்டியை விற்ற மாசிலாமணி மறைக்கவில்லை. குழந்தை பிறக்கப்போகும் நேரத்தில் இந்த வண்டி எதற்கென்று மனைவி செரினா கேட்டதை ஜெரார்டும் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

ஞாயிறு பூசை முடிந்ததும் மாதா கோயில் வாசலிலேயே சாமியார் வண்டியை மந்திரித்தார். சூடான பானட்டின்மேல் தீர்த்தம் பட்டதும் ஆவி எழுந்தது. செரினா மூக்கைப் பொத்திக்கொண்டாள். சாமியார் ஜெபத்தைச் சுருக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

அங்கிருந்து தேக்கா சந்தைக்குக் கிளம்பினார்கள். சிராங்கூன் சாலை நெரிசலில் வண்டி நின்று நின்று நகர்ந்தது. எஞ்சின் சூடேறச் சூடேற, ஏர்கான் வழியாக அது வந்தது.

முதலில் ஈரத் தலைமுடியின் நாற்றம். பிறகு, வெயிலில் பையோடு மறந்துபோன இறைச்சியின் நாற்றம். அதற்கும் அடியில் ஓர் இனிப்பு. அழுகிய பழத்தைப்போல நாக்கின் அடியில் போய் ஒட்டிக்கொள்ளும் இனிப்பு.

“எலி ஏதாச்சும் செத்திருக்கும்,” என்றான் ஜெரார்ட்.

செரினா கதவைத் திறந்து சாலையோரமே வாந்தி எடுத்தாள்.

வண்டியைக் கழுவினான். ஏர்கானைக் கழற்றிச் சுத்தம் செய்தான். வாசனைத் திரவத்தைக் கொட்டினான். நாற்றம் அதற்குமேல் ஏறி உட்கார்ந்துகொண்டது. சட்டையில் வந்தது. சோற்றில் வந்தது. ஒரு மாலை அவள் வயிற்றில் கை வைக்கப் போனான். அவள் பின்வாங்கிச் சுவரோடு ஒட்டிக்கொண்டாள்.

“கழுவிட்டுத்தான் வந்தேன்.”

“தெரியும். ஆனா தொடாதீங்க.”

மறுநாள் அலுவலகத்துக் கார் நிறுத்தத்தில் வண்டியை அணைத்துச் சாவியை எடுத்தான்.

அணைத்த பிறகும் உள்ளே ஏதோ ஓடியது.

ஈரமான சத்தம்.

இழுத்து, விட்டு. இழுத்து, விட்டு.

அன்று மதியமே துவாஸில் மெக்கானிக் வேலை பார்க்கும் நண்பன் ரஃபீக்கிடம் வண்டியைக் கொண்டுபோனான். ரஃபீக் அடியில் படுத்து எண்ணெயைத் திறந்துவிட்டான். கறுப்பாக எதுவும் வரவில்லை. மஞ்சள் கொழுப்பு கட்டிகட்டியாகத் தட்டில் விழுந்தது. கட்டிகளைக் கோத்தபடி நீளமான தலைமுடி தொங்கியது. ரஃபீக் இழுத்தான். வந்தது. இன்னும் இழுத்தான். வந்துகொண்டே இருந்தது.

அவன் எழுந்துபோய்க் கையைச் சோப்பு போட்டுத் தேய்த்தான்.

ஜெரார்ட் மாசிலாமணிக்குப் போன் செய்து கத்தினான்.

“உங்களுக்கு முன்னாடி வாங்கினவங்களும் திருப்பிக் கொடுத்தாங்க லா,” என்றார் மாசிலாமணி. “எஞ்சினை மாத்துறவரைக்கும் நல்ல வண்டியாத்தான் இருந்துச்சு.” எந்த வண்டியிலிருந்து எடுத்த எஞ்சின் என்று கேட்டதற்குப் போனை வைத்துவிட்டார். மறுபடி எடுக்கவில்லை.

எஞ்சினை இறக்கி எறியும்படி ரஃபீக்கிடம் சொன்னான் ஜெரார்ட். அன்றிரவு செரினா அவனைப் பக்கத்தில் படுக்கவிட்டாள். அவனும் அசந்து தூங்கினான்.

காலையில் ரஃபீக் அழைத்தான். “ப்ரோ, கொஞ்சம் வந்துட்டுப் போ.”

வெளியே வெயில் கொளுத்தியது. பட்டறைக்குள், மரக்கட்டைமேல் எஞ்சின் தனியாகக் கிடந்தது. குழாய் இல்லை, வயர் இல்லை, ஒரு சொட்டு எண்ணெய் இல்லை.

“நேத்தே எல்லாத்தையும் கழட்டிட்டேன்,” என்று ரஃபீக் முணுமுணுத்தான். “தொட்டுப் பாரு.”

ஜெரார்ட் உள்ளங்கையை வைத்தான். காய்ச்சல்காரனின் வயிறுபோல வெதுவெதுப்பாக இருந்தது. லேசாக அழுத்தினான்.

இரும்பு உள்வாங்கியது.

கையைப் பிடுங்கிக்கொண்டான். உள்ளங்கையெல்லாம் பிசுபிசுத்தது. எஞ்சினில் பதிந்திருந்த அவனுடைய ஐந்து விரல் பள்ளங்களும் மெல்ல மெல்ல நிரம்பின.

பிறகு அதே இடத்தில், உள்ளேயிருந்து, வேறு ஐந்து விரல்கள் புடைத்து எழுந்தன.