ஈஸ்ட் போடாத சாறு

இன்னும் ஈஸ்ட் போடவில்லை. ஆனாலும் கண்ணாடிக் குடுவையின் மூடியில் செருகியிருந்த, தண்ணீர் நிரப்பிய குழாயில் ஒரு குமிழி மேலேறி 'களுக்' என்று உடைந்தது.

நெவில் ஸ்குரூடிரைவரைக் கீழே வைத்தான். பியருக்காகக் கொதிக்கவைத்து ஆறவிட்ட, முளைவிட்ட பார்லியின் வெறும் மால்ட் சாறு அது. ஈஸ்ட் விழாமல் நொதிக்க வழியே இல்லை. வெக்கையில் உள்ளே இருந்த காற்று விரிந்திருக்கும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். டவுன்ஸ்வில் நகரத்தின் மழைக்கால மதியம், ஷெட்டின் தகரக் கூரையை அடுப்பாக்கியிருந்தது. வேலிக்கு அப்பால் மாமரத்தடியில் அழுகும் பழங்களின் புளித்த வாடையும், சில்வண்டுகளின் ஓயாத இரைச்சலும், ஈரத்தில் கனத்த காற்றோடு கதவு வழியே வந்து கழுத்தில் ஒட்டிக்கொண்டன.

இந்தச் சூட்டில் பியர் காய்ச்சினால் கெட்டுத்தான் போகும். அதனால்தான் இந்தச் சின்ன ஃப்ரிட்ஜ். காலையிலிருந்து அதன் தட்டுகளைக் கழற்றி, குடுவை உள்ளே நிற்கும்படி கதவின் உட்புறப் பிளாஸ்டிக்கை அறுத்து எடுத்திருந்தான். பதினெட்டு டிகிரியைத் தாண்டாமல் பார்த்துக்கொள்ளும் கருவி ஒன்றை வெளியே மாட்டி, அதன் வயர் நுனியைக் குடுவையில் டேப் போட்டு ஒட்டினான்.

ஃப்ரிட்ஜ் ஃபெர்கஸுடையது. இருவரும் வருஷக்கணக்காகச் சேர்ந்து பியர் காய்ச்சியவர்கள். ஃபெர்கஸின் சவ அடக்கம் முடிந்த வாரத்தில் அவன் மனைவி ஷெரில் அதைத் தன் வண்டியில் தானே ஏற்றிக்கொண்டு வந்து இறக்கினாள். தூக்கப்போன நெவிலின் கையை விலக்கினாள்.

"உன்கிட்டதான் இருக்கணும்" என்றாள். அவ்வளவுதான்.

ஈஸ்டைத் தூவி, குடுவையை ஃப்ரிட்ஜுக்குள் வைத்து, கதவைச் சாத்தினான். மோட்டார் முனகத் தொடங்கியது. உள்ளே குமிழிகள் உடையும் சத்தம் கேட்டது. ஒவ்வொரு குமிழிக்கும் முன்னால், எங்கோ ஒரு சந்துக்குள் காற்று மாட்டிக்கொண்டு பிதுங்கி வருவதுபோல மெல்லிய விசில் ஒன்று நீண்டு, நின்று, மறுபடி நீண்டது.

அந்த விசிலை அவனுக்குத் தெரியும்.

ஃபெர்கஸ் காய்ச்சிய பியரைத் தன் பெயரில் கண்காட்சிக்கு அனுப்பிக் கோப்பை வாங்கியவன் நெவில். விஷயம் தெரிந்ததும் ஃபெர்கஸ் தன் ஷெட்டுக்கு அவனைக் கூப்பிட்டு, சனிக்கிழமை கிளப்பில் எல்லார் முன்னாலும் உண்மையைப் போட்டு உடைத்துவிடப்போவதாகக் கத்தினான். கத்தும்போதே ஆஸ்துமா இழுத்தது. சட்டைப்பையிலிருந்து நழுவிய இன்ஹேலர் நெவிலின் காலடியில் வந்து விழுந்தது. நெவில் குனியவில்லை. பூட்ஸால் அதை மிதித்து, இதே ஃப்ரிட்ஜுக்கு அடியில் தள்ளிவிட்டான். பிறகு, அந்த விசில் நிற்கும்வரை அங்கேயே நின்றுகொண்டிருந்தான்.

நெவில் இப்போது கருவியைப் பார்த்தான். மோட்டார் ஓயாமல் ஓடியும் எண் ஏறிக்கொண்டிருந்தது. இருபத்தெட்டு. முப்பத்திரண்டு. முப்பத்தேழில் நின்றது. உடம்புச் சூடு.

ப்ளக்கைப் பிடுங்கினான். எண் அணைந்தது. மோட்டார் அடங்கியது. விசில் மட்டும் அடங்கவில்லை. ஷெட் முழுக்க யூகலிப்டஸ் தைல வாடை. ஃபெர்கஸ் நெஞ்சில் தேய்த்துக்கொள்ளும் தைலம்.

ஷெரிலுக்குப் போன் போட்டான். ஃப்ரிட்ஜ் வேண்டாம், திருப்பி எடுத்துக்கொள் என்றான்.

"அதை நகர்த்தினப்போ அடியில அவன் இன்ஹேலர் கெடந்துது நெவில். அதுமேல உன் பூட்ஸ் தடம்."

அவன் குனிந்து தன் பூட்ஸைப் பார்த்தான்.

"போலீசுக்கு நான் போகல. அவன்கிட்டயே விட்டுட்டேன். அவன் பாத்துக்குவான்."

போனை வைத்துவிட்டாள்.

வாசலுக்கு நடந்தான். ரெண்டு எட்டு எடுத்துவைத்து நின்றான். மூச்சை இழுத்தான். கொஞ்சம்தான் வந்தது. மறுபடி இழுத்தான். அதுவும் இல்லை. வாசலில் வெயில். வாசலில் அவ்வளவு காற்று.

முதுகுக்குப் பின்னால் ஃப்ரிட்ஜ் கதவு மெதுவாகத் திறந்தது.

திரும்பிப் பார்த்தான். குடுவைக்குள் நுரை கழுத்துவரை ஏறியிருந்தது. வெள்ளை நுரை. அதற்குள்ளிருந்து ஒரு உள்ளங்கை கண்ணாடியில் அப்பியிருந்தது. அதன் பக்கத்தில் ஒரு வாய். பெரிதாகத் திறந்த வாய்.

அது மூச்சை உள்ளே இழுத்தது. நெவிலின் நெஞ்சு சப்பென்று ஒட்டியது.

விசில் நின்றுவிட்டது. இப்போது அந்த வாயில் சுத்தமான மூச்சு. தடையில்லாத, ஆழமான மூச்சு.

வாய் மூடியது. நிதானமாக, அடுத்த மூச்சுக்குத் திறந்தது.