ஈரம் படாத கலயம்

பனங்காட்டுக் குடிசையில் வேங்கடபதி செத்துக் கிடந்தான். காலை ஏழு மணி. திருச்சுழி ஸ்டேஷனிலிருந்து சைக்கிளில் வந்த சப் இன்ஸ்பெக்டர் இன்பராஜ் வாசலில் குனிந்து உள்ளே பார்த்தார். ஈக்கள் அவருக்கு முன்பே வந்திருந்தன.

வேங்கடபதி எம்.ரெட்டியபட்டிக்காரன். மனைவியை இழந்தவன். தம்பி கோட்டைச்சாமியின் வீட்டில் சாப்பாடு. இருவருக்கும் பொதுவாக ஒரு தோட்டமும் ஒரு கிணறும் இருந்தன. மல்லாந்து கிடந்தவனின் சட்டையில் வாந்தி காய்ந்திருந்தது. தரையில் ஒரு துளி இல்லை. மீசை மயிரில் மாவுபோல ஏதோ வெளுப்பாக ஒட்டியிருந்தது. தலைமாட்டில் ஒரு மண் கலயம் சாய்ந்து கிடந்தது.

"கள்ளுதான் ஐயா," என்றான் கான்ஸ்டபிள் இருளாண்டி. "நுரை மீசையிலயே காஞ்சு போயிருக்கு."

அது 1949, ஆனி மாதம். மழை பொய்த்து மூன்றாவது வருஷம். மதுவிலக்கு வந்து ஒரு வருஷம் ஆகப்போகிறது. திருட்டுத்தனமாகக் காய்ச்சியதைக் குடித்துச் செத்தவர்கள் எத்தனையோ பேரை இன்பராஜ் பார்த்தாயிற்று. முதலில் இரண்டொரு பிணங்களுக்குத் தூக்கம் கெட்டது. இப்போது கெடுவதில்லை. அதைப் பற்றி யோசிப்பதையும் அவர் விட்டுவிட்டார்.

குனிந்து பிணத்தின் வாயருகே முகர்ந்தார். பிறகு கலயத்தை எடுத்து வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார். உள்பக்கம் முழுக்கச் சுண்ணாம்பு. தடவியவனின் விரல் தடங்கள் வரிவரியாகத் தெரிந்தன. அடியில் பொடியாக இடித்த ஏதோ ஒரு விதை, ஒரு சிட்டிகை அளவு. ஊதினார். பொடி பறந்து இடம் மாறியது.

"பத்திரமா துணியில கட்டு," என்று இருளாண்டியிடம் கொடுத்தார்.

பிணத்தை முதலில் பார்த்து ஸ்டேஷனுக்கு ஓடி வந்தவன் கோட்டைச்சாமி. பனைமரத்தடியில் குத்தவைத்திருந்தான். கண் சிவந்திருந்தது.

"அண்ணனைக் கடைசியா எப்ப பார்த்தே?"

"நேத்துப் பொழுது அடையிற நேரம் ஐயா. இங்கனதான். சண்முகவேலு கலயத்தைக் குடுத்தான், அண்ணன் வாங்கிக் குடிச்சான்."

"எந்தக் கலயம்?"

"இதே கலயந்தான். நுரை பொங்கி வழிஞ்சுச்சு. வேணாம்ணேன்னு சொன்னேன். கேக்கலை."

"நல்லாத் தெரியுமா?"

"என் கண்ணால பார்த்தேன் ஐயா. கோர்ட்டுல வந்து சத்தியம் பண்ணுவேன்."

"ராத்திரி வீட்டுக்கு வரலையே, நீ தேடலையா?"

"குடிச்சா இங்கனயே படுத்துக்கிருவான்."

இருளாண்டி எல்லாவற்றையும் எழுதிக்கொண்டான்.

பனையேறி சண்முகவேல், வேலிக்குப் பக்கத்தில் கைகளைத் தொங்கவிட்டு நின்றான். பதநீர் இறக்க லைசென்ஸ் வாங்கியவன். குடிசை அவனுடையது. ஊருக்குள் வீடு, இரவில் குடிசையில் யாரும் இருப்பதில்லை. வேலிக் குச்சிகளில் ஏழெட்டுக் கலயங்கள் கவிழ்த்து வைத்திருந்தன. ஒரு குச்சி மட்டும் மொட்டையாக நின்றது.

"கலயம் உன்னதா?"

"என்னதுதான்."

"கள்ளு குடுத்தியா?"

"இல்லை."

"இதுக்கு முன்னாடி?"

"மாசியில ரெண்டு தடவை. அப்புறம் பயந்து விட்டுட்டேன்."

"நேத்து இந்தக் கலயத்தை என்ன பண்ணுனே?"

"நார் போட்டுத் தேய்ச்சுக் கழுவுனேன். வெயில்ல காயவச்சேன். புகை காட்டி, சுண்ணாம்பு தடவி, வேலியில கவுத்துட்டு வீட்டுக்குப் போயிட்டேன். இன்னைக்கு மரத்துல கட்டவேண்டிய கலயம்."

"வேற எதுவும் சொல்லணுமா?"

"சொன்னா நம்பவா போறீக?"

அவன் குரலில் கோபமும் இல்லை, அழுகையும் இல்லை. விலங்கு மாட்டும்போது கையை அவனே நீட்டினான். ஊர் கூடி நின்றது. கொலைக்கேஸ், தூக்குத்தான் என்று யாரோ சொன்னார்கள். இன்பராஜ் மறுத்துச் சொல்லவில்லை. அந்தக் கூட்டத்தில் அவனை வெளியே விடுவதைவிட லாக்கப் பத்திரம் என்று நினைத்தார்.

துணியில் கட்டிய கலயத்தோடு பிணம் மாட்டுவண்டியில் அருப்புக்கோட்டை ஆஸ்பத்திரிக்குப் போயிற்று.

மறுநாள் மதியம் டாக்டரின் அறிக்கை வந்தது. சாவு அரளி விதையால். கலயத்தில் இருந்த பொடியும் அதுவே.

"முடிஞ்சது ஐயா," என்றான் இருளாண்டி.

"அடுத்த வரியைப் படி."

இருளாண்டி படித்தான். வயிற்றில் கம்பங்கூழ் இருந்தது. மீசையில் ஒட்டியிருந்ததும் கம்பு மாவு. கள் அறவே இல்லை.

இன்பராஜ் தொப்பியை எடுத்துக்கொண்டு எழுந்தார்.

கோட்டைச்சாமியின் வீட்டு முன்னால் சொந்தக்காரர்கள் பிணம் வருவதற்காகக் காத்திருந்தார்கள். அடுப்புப் பற்றவைக்காத வீடு. கோட்டைச்சாமியின் மனைவி ஜக்கம்மாள் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் இரண்டு பெண்பிள்ளைகள். இன்பராஜ் வீட்டைச் சுற்றிப் பின்பக்கம் போனார். கொல்லையில் ஒரு கல்லின்மேல் வாயகன்ற மண்பானை கவிழ்த்து வைத்திருந்தது. நிமிர்த்தி முகர்ந்தார். மண் வாடை மட்டும் வந்தது. மணல் போட்டுத் தேய்த்த கீறல்கள் உள்ளே சுற்றிச் சுற்றிப் போயிருந்தன. பக்கத்தில் இரண்டு குடங்கள், காலியாக.

அவர் ஜக்கம்மாளைக் கூப்பிட்டார்.

"இது என்ன பானைம்மா?"

"கூழ்ப்பானை ஐயா."

"வேற கூழ்ப்பானை இருக்கா?"

"இது ஒண்ணுதான்."

"முந்தாநாள் யார் கூழ் கரைச்சது?"

"நான்தான். ரெண்டு பேருக்கும் கரைச்சு வச்சுட்டு, பிள்ளைகளோட குமாரலிங்கபுரத்துக்கு எங்கம்மா வீட்டுக்குப் போனேன். நேத்துக் காலை பஸ்ஸுல வந்தேன். வந்து இறங்கவும் சாவு சொன்னாக."

"அப்ப பானையை நீ கழுவலை."

"இல்லை ஐயா. கூழ்ப்பானையை யாரு இப்படித் தேய்ப்பா? பழசு கொஞ்சம் அடியில கிடந்தாத்தான் அடுத்தது புளிக்கும்."

"பின்னே யார் கழுவுனது?"

ஜக்கம்மாள் முன்பக்கம் திரும்பிப் பார்த்தாள். அங்கே கோட்டைச்சாமி துண்டால் முகத்தை மூடி உட்கார்ந்திருந்தான். அவள் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அவுகதான் கழுவியிருக்கணும்," என்றாள். "நான் வாக்கப்பட்டு வந்ததுலருந்து ஒரு செம்பைக்கூட அவுக கழுவிப் பார்த்ததில்லை. நான் நிறைச்சு வச்சுட்டுப் போன ரெண்டு குடத்துத் தண்ணியும் தீந்துபோய்க் கிடந்துச்சு."

"இதை என்கிட்ட சொன்னா என்ன ஆகும்னு தெரியுமா?"

"நேத்துப் பானையைப் பார்த்ததுலருந்து அதைத்தான் நினைச்சுக்கிட்டு இருக்கேன் ஐயா."

இன்பராஜ் பானையைத் தூக்கிக்கொண்டு முன்பக்கம் வந்தார். சனங்கள் விலகினார்கள்.

"சண்முகவேல் கொல்லலை," என்றார். "கோட்டைச்சாமி, எந்திரி. உங்க அண்ணனைக் கொன்னது நீ."

கோட்டைச்சாமி துண்டை எடுத்தான். எழுந்திருக்கவில்லை.

"கலயத்துல நுரை பொங்கினதைப் பார்த்தேன்னு சொன்னே. அது சுண்ணாம்பு தடவின கலயம். கள்ளுக்குக் கட்டுறவன் சுண்ணாம்பு தடவமாட்டான். தடவினா பதநீராத்தான் இருக்கும், புளிக்காது, நுரைக்காது. கள்ளு நின்ன கலயம்னா அடியில மண்டி இருக்கும். இதுல தடவின விரல் தடம்கூட அழியலை. கள்ளை விடு, பதநீர்கூட அதுல விழலை. அரளிப் பொடி காஞ்சு கிடந்துச்சு, ஊதினதும் பறந்துச்சு. வேலியிலருந்து ஒரு கலயத்தை இருட்டுல எடுத்து, பொடியைத் தூவி, பிணத்துப் பக்கத்துல வச்சிருக்கே. வாந்தி சட்டையில இருக்கு, குடிசைத் தரையில இல்லை. அவன் செத்தது வேற இடத்துல."

இன்பராஜின் அப்பா சாயல்குடிப் பக்கம் பனையேறினவர். கலயம் கழுவிச் சுண்ணாம்பு தடவித் தடவி அம்மாவின் விரல் நுனிகள் வெந்துபோயிருக்கும். அதை அவர் இங்கே யாரிடமும் சொன்னதில்லை. இப்போதும் சொல்லவில்லை.

"உங்க அண்ணன் கடைசியா குடிச்சது இந்தப் பானையில இருந்த கூழை," என்று பானையைக் கீழே வைத்தார். "ஊரே குடிதண்ணிக்கு அலையுற நேரத்துல, ரெண்டு குடம் தண்ணியைக் கொட்டி நீ எதுக்கு இதைத் தேய்ச்சே?"

கோட்டைச்சாமி பானையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"கிணத்தோட சேத்துத் தோட்டத்தை விக்கப் போறேன்னான்," என்றான் கடைசியில். "அருப்புக்கோட்டையில ஆளுகூடப் பார்த்துட்டான். இருந்த ஈரம் அந்தக் கிணறு ஒண்ணுதான் ஐயா. கால்ல விழுந்தேன். பங்கு வாங்கிக்கிட்டு மில்லு வேலைக்குப் போன்னுட்டான். கூழ்ப்பானையில அரளியைக் கலந்து தோட்டத்துக்குக் கொண்டுபோனேன். அங்கனயே விழுந்துட்டான். வண்டியில போட்டுக் குடிசைக்குக் கொண்டுவந்தேன்."

"பானையை உடைச்சுக் கிணத்துல போட்டிருந்தா உன்னை யாரும் கேட்டிருக்க மாட்டாங்களே."

"போடத்தான் தூக்குனேன்." அவன் பிள்ளைகள் பக்கம் பார்க்காமல் பேசினான். "நம்ம பிள்ளைக அந்தத் தண்ணியைத்தானே குடிக்கும்னு தோணுச்சு. வீட்டுலயே வச்சுத் தேய்ச்சேன். விடிஞ்சா அவ வந்து அதுலதான் கரைப்பா, அதுகளுக்குத்தான் முதல்ல ஊத்துவா. தேய்க்கத் தேய்க்க இன்னும் இருக்குற மாதிரியே இருந்துச்சு. தண்ணி தீர்றவரைக்கும் தேய்ச்சேன்."

இருளாண்டி விலங்கை மாட்டினான். ஜக்கம்மாள் அழவில்லை.

"பானையைக் கொண்டுபோறீகளா ஐயா?" என்று கேட்டாள்.

"சாட்சிக்கு வேணும்மா."

"கொண்டுபோங்க."

சாயங்காலம் திருச்சுழி லாக்கப்பிலிருந்து சண்முகவேலை வெளியே விட்டார்கள். அவன் நன்றி சொல்லவில்லை. மேல்துண்டை உதறிப் போட்டுக்கொண்டு வாசல்வரை போனவன் திரும்பி வந்து மேசைக்கு எதிரே நின்றான்.

"என்னப்பா?"

"நேத்தும் இன்னைக்கும் நான் மரம் ஏறலை ஐயா. சுண்ணாம்பு ஒரு நாளைக்குத்தான் தாங்கும். மேல கட்டியிருக்குற கலயம் எல்லாம் புளிச்சுக் கள்ளா நிக்கும். அதுக்குக் கேஸ் போடுவீகளா?"

இன்பராஜ் அவனை நிமிர்ந்து பார்த்தார். இரண்டு நாளில் முதல் தடவையாக அவருக்கு நெஞ்சுக்குள் என்னவோ வலித்தது.

"போய் இறக்கிக் கொட்டிட்டு, கழுவிக் காயப்போடு," என்றார். "நாளைக்கு அந்தப் பக்கம் யாரும் வரமாட்டாங்க."