உள் அறைக் கீபோர்டு

பழவங்காடி பிள்ளையார் கோயிலுக்கு எதிரே ஒரு செருப்புக் கடையின் மாடியில் சேஷனின் டிடிபி சென்டர் இருந்தது. செல்போன் எல்லாம் பணக்காரர் கையில் மட்டும் இருந்த காலம். ஓணத்துக்கு இரண்டு வாரம் இருக்கையில் ஜெபமலர் அங்கே வேலைக்குச் சேர்ந்தாள். பாறசாலையில் புருஷன் ஆன்சனிடம் கைப்பிள்ளையை விட்டுவிட்டு, தினமும் பஸ்ஸில் இடிபட்டு வந்தாள். சாயங்காலம் பால் கட்டி மார்பு கனக்கத் தொடங்கினால் அவளுக்கு வேலையில் மனம் நிற்காது. பிள்ளையிடம் ஓட வேண்டும், அவ்வளவுதான்.

அவளுக்குக் கிடைத்தது உள் அறை. கம்ப்யூட்டருக்குத் தூசி ஆகாது என்று ஜன்னலை அடைத்து, ஏசி போட்டு, இரட்டைக் கதவு வைத்திருந்தார் சேஷன். அந்த மரியாதையில் பாதியை மனுஷருக்குக் கொடுத்திருக்கலாம்.

அங்கிருந்த கீபோர்டு அவருடைய மருமகன் துபாயிலிருந்து கொண்டுவந்தது. ஜெபமலர் டைப்ரைட்டிங் ஹையர் பாஸானவள். தடதட சத்தத்திலேயே பழகிய விரல்கள் அவளுக்கு. இதில் சத்தமே இல்லை. ஒவ்வொரு எழுத்தும் ஆழமாக அமுங்கி, பொங்கிய மாவு போல மெல்ல எழுந்து விரலைத் தொட்டது. எத்தனை பக்கம் அடித்தாலும் கை வலிக்கவில்லை. முதல் நாளே அதன்மேல் கொள்ளைப் பிரியம் வந்துவிட்டது.

ஒன்றுதான் உறுத்தியது. ஏசிக் குளிரில் மேசை முழுவதும் சில்லிட்டுக் கிடக்கும். ஆனால் விரல்கள் வந்து உட்காரும் நடு வரிசை எழுத்துகள் மட்டும் வெதுவெதுப்பாக இருக்கும்.

யாரோ இப்போதுதான் கையை எடுத்தது போல.

பெருக்க வரும் பொன்னம்மையிடம் கேட்டாள்.

"சாரு சொல்லலியா அக்கா?" பொன்னம்மை குரலைத் தாழ்த்தினாள். "இந்த சீட்டுல ரத்னாபாய்னு ஒருத்தி இருந்தா. போன ஓணத்துக்கு, உள்ள டைப் சத்தம் கேக்கலன்னு சாரு பூட்டிட்டுப் போயிட்டாரு. நானும் அன்னைக்குக் காய்ச்சலா கெடந்தேன். அவளுக்கு மூச்சு இழுப்பு உண்டு. லீவு கழிஞ்சு தொறந்தப்போ உயிரில்ல."

சேஷன் முன்பு டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட் நடத்தியவர். பூட்டுவதற்கு முன் கதவில் காதை வைத்துக் கேட்பார். சத்தம் இருந்தால் ஆள் உண்டு, இல்லையென்றால் இல்லை. அந்தப் பழக்கத்தோடு சத்தமில்லாத கீபோர்டைப் போட்டிருக்கிறார் மகாராஜன். ரத்னாபாய் போன பிறகு, கூப்பிட்டும் பார்க்கிறாராம். பெரிய முன்னேற்றம்!

ஓணத்துக்கு முந்தின நாள், உத்ராடத்தன்று மத்தியானத்தோடு கடை மூடுவதாக ஏற்பாடு. ஓர் ஆய்வேட்டின் கடைசிப் பக்கம் மட்டும் பாக்கி. விரலைக் குனிந்து பார்க்கக் கூடாது என்று டைப் படித்தபோது தலையில் குட்டிக் குட்டிச் சொல்லியிருந்தார்கள். ஜெபமலர் தாளில் வைத்த கண்ணை எடுக்காமல் அடித்தாள். கடைசி வரி முடிந்தது.

விரல்கள் நிற்கவில்லை.

குனிந்து பார்த்தாள். அவள் விரல் இறங்குவதற்கு முன்பே எழுத்துகள் தாமாக இறங்கிக்கொண்டிருந்தன. பிறகு எழுந்து வந்து விரல் நுனிகளைப் பற்றிக்கொண்டன. இழுத்துப் பார்த்தாள். வரவில்லை. அத்தனையும் துளிச் சத்தமில்லாமல் நடந்தது.

வெளியே சேஷன் கூப்பிட்டார். "உள்ள யாராவது இருக்கேளா?"

வாயைத் திறந்தாள். காற்றுதான் வந்தது.

கதவுக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஒருத்தி பதில் சொன்னாள்.

"நான் எறங்கியாச்சு சார். உள்ள ஆரும் இல்ல. பூட்டிக்கிடுங்க."

அது ஜெபமலரின் குரல்.

"சரி, ஜாக்கிரதையாப் போயிட்டு வாம்மா" என்றார் சேஷன்.

பூட்டு விழுந்தது. அவர் மெயினை அணைத்ததும் ஏசி நின்று அறை கும்மிருட்டானது. அப்போதுதான் விரல்கள் விடுபட்டன.

கதவில் மோதினாள். தொண்டை கிழியக் கத்தினாள். கீழே கோயிலில் பண்டிகைக் கூட்டம் தேங்காய்களை உடைத்துக்கொண்டே இருந்தது, யாருக்குக் கேட்கும்? நேரம் போகப் போகப் பால் கசிந்து ரவிக்கை நனைந்தது. பசித்து அழும் பிள்ளையை நினைத்து அவளும் அழுதாள். இருட்டில் தடவியபோது கீபோர்டு கையில் பட்டது.

சில்லென்று இருந்தது. நடு வரிசையும்தான்.

அதில் இருந்தது இப்போது அறையில் இல்லை. அது அவள் குரலோடு எங்கே போயிருக்கும் என்று யோசிக்கவே அவளுக்குப் பயமாக இருந்தது.

வெகுநேரம் கழித்து, சாவி வாங்கிக்கொண்டு பெருக்க வந்த பொன்னம்மை கதவைத் திறந்தாள். ஜெபமலரைக் கண்டதும் துடைப்பத்தைப் போட்டுவிட்டுச் சுவரோடு ஒட்டிக்கொண்டாள்.

"அக்கா... நீங்க பாறசாலை பஸ்ஸு ஏறினத நான் பாத்தேனே!"

ஜெபமலர் படிகளில் விழுந்தடித்து இறங்கி, எஸ்.டி.டி. பூத்துக்குள் புகுந்து வீட்டு நம்பரை அழுத்தினாள். ஆன்சன் எடுத்தான்.

"ஏங்க... பிள்ள எங்க?" கத்திக் கத்திக் குரல் கம்மியிருந்தது.

"நீங்க ஆராக்கும்?"

"நானாக்கும். ஜெபா."

அவன் சிரித்தான். "வெளையாடாதீங்க. ஜெபா இப்பந்தான் வந்தா. பிள்ளைக்குப் பாலு குடுத்துட்டிருக்கா."

"அவ கையிலருந்து பிள்ளைய வாங்குங்க! வாங்குங்க!"

அவனுக்குப் பின்னால் அவளுடைய குரலே அலுப்போடு கேட்டது.

"ஆருங்க அது? வச்சிருங்க. பிள்ள ஒறங்கப் போவுது."

லைன் அறுந்தது. மறுபடி அழுத்தினாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. யாரும் எடுக்கவில்லை.