தீனி வைக்குமுன் ஊறிய நீர்

மாரப்பன் தவிட்டு வாளியை இன்னும் உள்ளே கொண்டுவரவே இல்லை. அதற்குள் புட்டியில் நீர் பாதிக்கு மேல் ஏறியிருந்தது.

கொட்டகையின் நடுவே கனத்த சாக்குப் படுதா தொங்கியது. அதற்கு அந்தப் பக்கம் அவனுடைய செவலைக் கன்று. கன்றின் செரிமான நீரை வடிக்க அதன் விலாவில் டாக்டர் மத்தியாஸ் துளையிட்டுச் செருகிய ரப்பர் குழாய், படுதாவின் அடியில் நுழைந்து இந்தப் பக்கத்துக் கண்ணாடிப் புட்டியில் முடிந்தது. எட்டு நாளாகக் கன்றை அவன் கண்ணால் பார்க்கவில்லை. ஆளைக் கண்டால் ஆராய்ச்சி கெட்டுவிடுமாம். தீனியைப் படுதாவுக்கு அடியில் தள்ளிவிட்டு, புட்டியின் அளவைச் சொல்வதோடு அவன் வேலை முடிந்தது.

மழை பொய்த்த எழுபத்தைந்தாம் வருஷம். வேலந்தாவளம் சந்தையில் கசாப்புக்காரன் கேட்ட கன்றை, மனசு கேட்காமல் இந்த ஓய்வு பெற்ற மாட்டு டாக்டருக்குக் கொடுத்திருந்தான். மூன்று மாதம் சோதனை, பிறகு கன்று உனக்கே என்று அவர் சொன்ன ஒரு சொல்லுக்காகத்தான் தினமும் வந்தான்.

"மாரப்பா," படுதாவுக்குப் பின்னாலிருந்து டாக்டரின் குரல் ஈனமாக வந்தது. "நீ தீனி வெச்சோ?"

"இல்லீங்க டாக்டரே. இப்பத்தானுங்க வந்தே."

"பொய் பறையாதே. தீனியக் கண்டா மூளை சேதி அனுப்பும், கணையத்துல நீர் ஊறும். சேதி கொண்டு போற சரக்கு குடல்லயும் உண்டு, மூளையிலயும் உண்டு. அதத்தான் ஊசியில ஏத்துறேன். ஆனா தீனியில்லாம இத்தனை ஊறாது. கள்ளம் காட்டினா கன்னு கிடைக்காது, கேட்டியா."

மாரப்பனுக்குச் சுருக்கென்றது. ராத்திரியில் இவரே ஊசி மேல் ஊசி போட்டுவிட்டுப் பழியை என் தலையில் கட்டுகிறாரோ?

வீடு வந்து வேட்டியை உதறியபோதுதான் பொறி தட்டியது. இடுப்பில் கன்றின் பழைய கயிறு. மாட்டை விற்றாலும் கயிற்றைக் கொடுப்பதில்லை; கயிற்றோடு வீட்டு லட்சுமியும் போய்விடுவாள். அவிழ்த்த நாளிலிருந்து அதை இடுப்பை விட்டு இறக்கவில்லை. அந்த வாசத்துக்குத்தான் கன்றுக்கு நீர் ஊறியிருக்கிறது! கன்றுக்கு வயிறு வரை என்னைத் தெரிந்திருக்கிறது என்று நினைத்ததும் அவன் கண் கலங்கிவிட்டது.

மறுநாள் கயிற்றை வீட்டு ஆணியில் மாட்டிவிட்டு, வாளியும் எடுக்காமல், வெறுங்கையோடு போனான். உச்சி வெயில். பனைகளில் காற்று சலசலத்தது. கொட்டகைக்குள் சாணி நாற்றம், டெட்டால் நெடி, இரண்டுக்கும் அடியில் காய்ச்சல்காரனின் வேர்வை போல ஒரு புளித்த வாடை.

சொட்டு. சொட்டு.

நின்றான். சொட்டு மெல்ல அடங்கியது.

ஓர் அடி வைத்தான். சொட்டு, சொட்டு, சொட்டு.

கயிறு இல்லை. தீனி இல்லை. பின்னே எதற்கு ஊறுகிறது?

அப்போது கன்று கத்தியது. வலது மூலையிலிருந்து.

குழாய் போனது இடது பக்கம்.

மாரப்பன் படுதாவை விலக்கினான்.

கன்று சுவரோடு ஒண்டி நின்றது. கயிறு இறுக, எவ்வளவு விலக முடியுமோ அவ்வளவு விலகி. விலாவில் தையல் ஆறியிருந்தது. குழாய் இல்லை.

குழாய் நாற்காலிக்குப் போயிருந்தது. டாக்டர் உட்கார்ந்திருந்தார். சட்டை திறந்து கிடந்தது. விலாவைச் சுற்றிக் கட்டு, கட்டுக்குள்ளிருந்து குழாய். மடியில் ஊசி. காலடியில் சோற்றுத் தூக்கு, ஈ மொய்த்து, தொடாமல்.

"கன்ன ஓட்டிக்கிட்டுப் போயிர்றனுங்க." மாரப்பன் கன்றைப் பார்த்தபடி சொன்னான்.

"கொண்டு போ." டாக்டர் சிரித்தார். உதடு ஈரமாக இருந்தது. "சோத்தக் கண்டா ஒரு துளி வரலை மாரப்பா. கன்னைக் கண்டாலும் வரலை. நீ கொண்டு வர்ற தீனிக்குத்தான் ஊறுதுன்னு நான் நெனைச்சேன்." அவர் பார்வை அவன் வெறுங்கைக்கு இறங்கி, மெல்ல மேலே ஏறியது. "இன்னைக்கு நீ ஒண்ணும் கொண்டு வரலையே."

கன்று அவனைப் பார்த்து மறுபடி கத்தியது. அதை அவிழ்க்க வேண்டுமென்றால் நாற்காலியைத் தாண்டித்தான் போக வேண்டும்.

மாரப்பன் ஓர் அடி வைத்தான்.

பின்னால், படுதாவுக்கு வெளியே புட்டி இருந்த பக்கம், சொட்டுச் சத்தம் நின்றது. புட்டிக்குள் நீர் தாரையாக விழத் தொடங்கியது.