செய்தவர் குடும்பம்

அன்று பின்னேரம் அந்த வீட்டில் இருந்தவர்கள் நான்கு பேர். கச்சேரியில் பிரதம இலிகிதராக இருந்து ஓய்வு பெற்ற அருமைநாயகம், அவருடைய மனைவி றீற்றா, மகள் மேர்லின், பொதி எடுக்க வந்து மழைக்கு ஒதுங்கிய கூரியர்காரன் டினேஷ். வேறு எவரும் இல்லை. குசினிக் கதவு கொண்டி போட்டிருந்தது. விறாந்தைக் கிறிலைப் பூட்டிய திறப்பு அருமைநாயகத்தின் சேட்டுப் பையில் கிடந்தது. மரியாதையான குடும்பத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள் இவ்வளவையாவது தெரிந்துகொண்டு பேச வேண்டும்.

அருமைநாயகம் உள்ளங்கையில் இருந்ததைப் பூதக்கண்ணாடியால் பார்த்துக்கொண்டிருந்தார். காசளவு வட்டத்தில் சாம்பல் நிறச் சிலைகள். கதிரையில் நிமிர்ந்து அவர், பக்கத்தில் றீற்றா, நடுவில் மேர்லின், மூவருக்கும் பின்னால் நாலாவது ஆள். போன கிழமை அந்த ஆளின் பாதம் வெறும் கட்டியாக இருந்தது. இப்போது அதில் விரல்கள் வந்திருந்தன.

மேர்லினின் தொழில் இதுதான். ஐரோப்பாவில் வயதுவந்த ஆண்கள் மேசையில் சுண்டுவிரல் உயரச் சிப்பாய்களை அடுக்கிச் சண்டை விளையாடுகிறார்கள். முந்தி அந்தச் சிப்பாய்கள் தொழிற்சாலைகளில் வார்க்கப்பட்டுக் கடைகளில் தொங்கின. இப்போது வாங்குகிறவர் போனில் படையைத் தெரிவு செய்து, தளபதிக்குத் தன் முகத்தையே வைத்து அனுப்ப, அது கல்லடியில் வாவியைப் பார்த்த இந்த வீட்டு முன்னறைக்கு வந்து சேருகிறது. அங்கே முப்பரிமாண அச்சு இயந்திரத்தின் தட்டு ரெசின் என்ற பசைத் திரவத்துக்குள் இறங்கி ஏறி, இறங்கி ஏறி, தலைகீழாகத் தொங்கும் சிப்பாய்களை மயிரிழை மயிரிழையாக வளர்க்கும். மேர்லின் அவற்றை ஸ்பிரிட்டில் கழுவிப் பெட்டியில் அடைப்பாள்.

பெயர் தெரியாத கை செய்த பொருள் இப்போது வாங்குகிறவர்களுக்குப் பிடிப்பதில்லையாம். அதனால் ஒவ்வொரு பெட்டியிலும் ‘செய்தவர் குடும்பம்’ என்று ஒரு சிறு சிலை வைக்கக் கொம்பனி சொல்லிவிட்டது. இயந்திரத்திலுள்ள கமெரா வீட்டாரைப் பார்த்துத் தானே அதை உருவாக்கிக்கொள்ளும்.

அருமைநாயகத்துக்கு முதலிலேயே அது பிடிக்கவில்லை. “எங்கட சண்டை போதாதெண்டு சண்டைப் பொம்மை. இப்ப வீட்டுப் பொம்பிளையளையும் பெட்டியில போட்டு அனுப்பப் போறியா?”

“நகத்தளவுதானே அப்பா. மூக்குக்கூடத் தெரியாது. அங்க செத்தவனையும் எடுத்துத் துடைச்சுத் திரும்ப வைப்பாங்க. நல்ல சண்டை.”

அவர் இறங்கி வந்தார். ஒரு நிபந்தனை போட்டார்: எல்லாரும் ஒழுங்காக உடுத்து நிற்க வேண்டும். அன்றிலிருந்து கமெராவின் முன் சேட்டுப் பொத்தானைக் கழுத்துவரை பூட்டிக்கொண்டு, முதுகு நோக நோக, சாயாமல் இருந்தார்.

றீற்றாவுக்கோ வேறு கவலை. “மூணு பேராப் படம் புடிக்கக் கூடாது புள்ள. ஒராள் குறையும்.”

“இது படமில்லை அம்மா.”

“ஆள் நிக்குதுதானே, படந்தான். இன்னொராளைச் சேர்.”

“வீட்டில மூணு பேர்தானே. ஆரைச் சேர்க்கிற?”

“ஆரையாவது சேர். கணக்குக்கு.”

மேர்லின் சிரித்தாள். முகமில்லாத ஒரு வெற்று உருவத்தை எடுத்து மூவருக்கும் பின்னால் நிறுத்தினாள். அது கணக்குக்கு நின்றது. மாரி மழை தொடங்கிய பிறகு அதற்குத் தலைமயிர் வந்தது. மறுகா விரல்கள். கமெரா எதையோ பார்த்துத் தவறாகப் படிக்கிறது என்றாள் மேர்லின். எதைப் பார்க்கிறது என்று அருமைநாயகம் கேட்கவில்லை. கேட்கக் களைப்பாக இருந்தது.

ஆனால் இன்று அதன் கை மேர்லினின் தோளில் இருந்தது.

அதுதான் அவரைச் சுட்டது. கல்குடாப் பக்கம் அவளுக்கு ஒரு சம்பந்தம் பேசிக்கொண்டிருந்தார்கள். ஊர் தெரியாத ஒருவன் தன் மகளின் தோளைப் பிடித்தபடி உலகமெல்லாம் போவதா? அவருக்கு இனி மிச்சமிருப்பது அவளுடைய நல்ல பெயர் ஒன்றுதான்.

“ஆர் இவன்?”

டினேஷ் எட்டிப் பார்த்தான். “நானெண்டு நினைச்சிராதீங்க அங்கிள். எனக்கு இவ்வளவு மயிர் இல்லை.”

அருமைநாயகம் சிரிக்கவில்லை. “வெட்டி எறி.”

“ஐயோ, வேணாம்,” என்றாள் றீற்றா குசினியிலிருந்து. “மூணாப் போயிரும்.”

மேர்லின் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைக் கசக்கினாள். விடியக் கருக்கலில் தொடங்கிய வேலை. “அம்மாக்கு நாலு வேணும். உங்களுக்கு மூணு வேணும். எனக்கு நித்திரை வேணும்.” வெட்டுக்குறட்டை எடுத்து நாலாவது ஆளின் காலடியில் வைத்தாள். டிக். அவ்வளவுதான். அதை ஸ்பிரிட் போத்தலில் போட்டாள். திரையில் இருந்த அதன் உருவத்தையும் அழித்தாள். மூவரை மட்டும் தட்டில் ஏற்றி இயந்திரத்தை ஓடவிட்டாள்.

கொஞ்ச நேரத்தில் கறண்ட் நின்றது.

மழை ஓட்டிலும் வாழையிலும் வாவியிலும் வேறு வேறு சத்தமாக விழுந்துகொண்டிருக்க, அவரும் டினேஷும் விறாந்தையில் இருட்டைப் பார்த்தபடி இருந்தார்கள். மழைக்குள்ளே, மின்கலத்தில் ஓடும் இயந்திரத்தின் தட்டு ரெசினிலிருந்து பிய்ந்து மேலெழும்போது வரும் அந்த ஈரச் சத்தம், சேற்றிலிருந்து யாரோ மெதுவாகக் காலை எடுப்பதைப் போல, முன்னறையிலிருந்து வந்துகொண்டிருந்தது. சப். கதவிடுக்கில் இயந்திரத்தின் ஊதா வெளிச்சம். ஸ்பிரிட்டின் காரத்தோடு இன்னொரு வாடையும் வந்தது. வள்ளம் தள்ளக் கம்பு குத்தும்போது கிளம்பும் வாவி அடிச் சேற்றின் வாடை.

“மேர்லின்.”

“ஓம் அப்பா.”

“ரோச் லைற் அங்கயா?”

சப்.

“மேர்லின்.”

“ஓம் அப்பா.”

அதே குரல்தான். அதே நீளம். அதே இடத்தில் மூச்சு.

அவர் வேண்டுமென்றே வேறு கேட்டார். “அம்மா எங்க?”

“ஓம் அப்பா.”

டினேஷ் எழுந்து மழைக்கோட்டை மாட்டினான். “நான் வாறன் அங்கிள். பொதியை நாளைக்கு எடுக்கிறன்.”

“மழை விடயில்லையே தம்பி.”

“பரவாயில்லை. கிறிலத் திறந்து விடுங்க.”

அவர் திறந்தார். ஸ்கூட்டரின் சிவப்பு வெளிச்சம் பாலத்துப் பக்கம் போகும்வரை பார்த்துக்கொண்டு நின்றார். பின் சீற்றில் மழை மட்டும் இருந்தது. கிறிலைத் திரும்பப் பூட்டினார். ரோச் லைற் இல்லாமலே முன்னறைக்குப் போனார்.

அவள் கதிரையில் இருந்தாள். முதுகு காட்டி. மேர்லினின் சட்டை. தலை நனைந்திருந்தது. வீட்டுக்குள் எங்கும் ஒழுக்கில்லை.

இயந்திரம் முடித்திருந்தது. தட்டு மேலே நின்றது. மூன்று சிலைகள் தலைகீழாகத் தொங்கின. துளி துளியாக வடிந்தன. பூதக்கண்ணாடியைத் தூக்கினார்.

அவர். றீற்றா. நடுவில் மேர்லினின் சட்டை. அதற்கு மேல் முகம் இல்லை.

ஸ்பிரிட் போத்தலைப் பார்க்க வேண்டாம் என்று நினைத்தார். பார்த்தார். அடியில் அந்த வெட்டிய துண்டு கிடக்கவில்லை. நின்றது. ஊதா வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். மேர்லினின் பின்னல். மேர்லினின் மூக்குக்கண்ணாடி. கண்ணாடிச் சுவரில் இரண்டு உள்ளங்கைகள். வாய் திறந்திருந்தது.

வெட்டச் சொன்னது அவர்தான்.

“மகள்,” என்றார் போத்தலைப் பார்த்து. சத்தம் வரவில்லை. உதடு மட்டும் அசைந்தது.

“ஓம் அப்பா,” என்றது கதிரை.

அது இந்தப் பக்கம் கிறுகத் தொடங்கியது. தலை முதலில். தோள் அசையவில்லை.

பின்னால் வாசலில் றீற்றா மெழுகுதிரியோடு நின்றாள். மெழுகுதிரியைத் தானே ஊதி அணைத்தாள்.

“பாக்காதீங்க,” என்றாள். “அதப் பாக்காதீங்க. அவளத் தாங்க இஞ்ச.”

இருட்டில் அவர் போத்தலைக் கொடுத்தார். இருவரும் அறைக்குள் போய்க் கட்டிலில் பக்கத்தில் பக்கத்தில் இருந்தார்கள். முன்னறையில் தட்டு இறங்கியது. சப். அடுத்த பெட்டி.

பெட்டிகள் இன்றும் ஒழுங்காகப் போகின்றன. வாங்குகிறவர்கள் ஒருவரும் குறை சொல்லவில்லை. முன்னறைக்குச் சாப்பாட்டை றீற்றா வாசலில் வைத்துவிட்டு வருகிறாள். கோப்பை கழுவப்பட்டு, நனைந்தபடி திரும்பி வருகிறது. கல்குடாக்காரர் வந்து கேட்டபோது, மகளுக்குச் சுகமில்லை என்று அருமைநாயகம் கதிரையில் நிமிர்ந்திருந்தே சொன்னார்.

மேர்லின் அந்த மழையில் கூரியர்காரன் டினேஷின் ஸ்கூட்டரில் ஏறி ஓடிவிட்டாள் என்று கல்லடியில் பேசுகிறார்கள். அது பொய். டினேஷ் தனியாகத்தான் போனான். அந்தக் குடும்பத்தில் எந்தப் பெண்ணும் எவனோடும் ஓடியதில்லை. மேர்லின் வீட்டில்தான் இருக்கிறாள், பெற்றோரின் அறை அலுமாரியில், உடுப்புகளுக்குப் பின்னால், அந்தப் போத்தலில். ஸ்பிரிட் கலங்கும்போது றீற்றா மாற்றுகிறாள். பழையதை ஊற்றிப் புதியதை விடும் அந்தக் கொஞ்ச நேரத்துக்கு மகளின் வாய் மூடியிருக்கும். போத்தல் மூடியைத் திருகி அடைத்ததும் வாய் திறந்துவிடும்.